அரை நட்சத்திரம்

மணிக்கு ஐந்நூறு கியாட். தோற்றவன் காசு.
ரங்கூனில், துவுன்னா மைதானத்துக்குப் பின்தெருவில் என் கடை.
மூன்று டிவி, ஐந்து கன்ட்ரோலர்.
அதில் ஒன்றுக்கு இடப்பக்கம் போகத் தெரியாது.

அந்த ஒன்றைத்தான் கேட்டு வாங்குவான் தைரியநாதன்.
அடையாள அட்டையில் அவன் தூரா.
இரண்டு மொழியிலும் பொருள் ஒன்றே,
இரண்டிலும் கடன்காரன்.

எல்லாரும் பிரேசில் எடுப்பார்கள்.
இவன் பட்டியலின் அடிக்குப் போய்
வியட்நாமைத் தூக்கி வருவான்.
அரை நட்சத்திர அணி.
பதினொரு பேருக்கும் ஒரே முகம், ஒரே கிராப்பு,
செய்தவனுக்கு அவ்வளவு சோம்பல்.
ஏழு பூஜ்யம். எட்டு பூஜ்யம்.
"ஏண்டா?" என்றால்
"கீழே கிடக்கிறவன்தானே அக்கா ஏற முடியும்" என்பான்.
நான் நோட்டை எடுத்து எழுதுவேன்.

வருஷத்துக்கு ஒரு முறை புது சிடி வரும்,
உறையில்லாமல், செய்தித்தாளில் சுற்றி.
சைகோனிலோ ஹனோயிலோ எவனோ
ராத்தூக்கம் கெட்டுச் செய்தது.
மெனுவெல்லாம் அவர்கள் எழுத்து:
எழுத்துக்குத் தொப்பி, தொப்பிக்கு மேல் கொக்கி.
மேலிருந்து மூன்றாவதை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும்,
அவ்வளவுதான் நாங்கள் கற்ற வியட்நாம்.
ஆனால் பார்த்தோம்.
ஒருவனுக்கு மூக்கு வந்தது.
இன்னொருவனுக்குப் புருவத்தில் தழும்பு.
ஒரு நட்சத்திரம். ஒன்றரை. இரண்டு.
யாரோ தன் ஊர்ப் பையன்களை
நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறான்.

எங்கள் அணி அந்த சிடியில் இல்லவே இல்லை.
கரண்ட் நிலைத்த ஒரு ராத்திரி நாங்களே செய்தோம்.
மொஹிங்கா கடைப் பையன் நடுக்களம்,
நான் கோல்கீப்பர்,
வலது ஓரத்தில் தூரா, வேகம் தொண்ணூற்றொன்பது.
தோலுக்கு நான்கு நிறம் தந்திருந்தார்கள்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
வெகுநேரம் நின்றோம்.
கடைசியில் இயந்திரம் கணக்குப் பார்த்து
அரை நட்சத்திரம் போட்டது.

பிறகு நிஜமாகவே வியட்நாம் வந்து இறங்கியது, துவுன்னாவுக்கு.
டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் கடையில் நெருக்கி உட்கார்ந்தோம்.
மைதானத்துச் சத்தம் தகரக்கூரை வழியாக முதலில் வரும்,
டிவியில் எட்டு நொடி கழித்து.
எழுபதாவது நிமிடம் கூரை சட்டென்று அடங்கியது.
டிவியில் இன்னும் பந்து நம் காலில்.
எங்களுக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்தபிறகும் எட்டு நொடி
கத்திக்கொண்டே இருந்தோம்.

தூரா மட்டும் திரைக்கு அருகே போய்
விரலால் தொட்டுக் காட்டினான்:
"வலப்பக்கம் அக்கா! வலப்பக்கமே வந்தான், பாரு!"
தோற்ற முகமா அது?

அந்தச் சட்டம் வந்த மாசியில்
பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை
தெருவே காலியானது.
யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.
ஒரு டிவியை விற்றேன்.
கன்ட்ரோலர்களைத் துடைத்து வைப்பதோடு சரி.

கரண்ட் பின்னிரவு ஒரு மணிக்கு வந்தால்
மெமரி கார்டைச் செருகி நானே ஆடுவேன்.
எங்கள் அணி, எதிரே வியட்நாம்.
ஓரத்தில் தூரா ஓடுவான், பந்து கொடுக்க ஆளிருக்காது.
முழு ஆட்டம் இதுவரை முடிந்ததில்லை.
அதற்குள் கரண்ட் போய்விடும்.

போன வாரம் தெரியாத எண்.
காற்றுச் சத்தம், லாரிச் சத்தம்.
எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை,
கேட்கக் கூடாது.
"வியட்நாம் இப்போ எத்தனை அக்கா?"
"மூன்றரை."
"நம்ம டீம்?"
"அதே அரை."
கொஞ்சம் யோசித்தான்.
"என் கணக்கு?"
"பதினோராயிரத்து ஐந்நூறு."
"அழிச்சிராதே" என்றான்,
லைன் போனது.