இரண்டு மைக்ரான்

கிரிப்ஸ்கோவ் காட்டில், ஏரிக்கு இறங்கும் சரிவில்,
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பீச் மரங்கள்.
இரண்டிலும் இடுப்புயரத்தில்
தட்டேந்திய கைபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது காளான்.
மேலே கொக்கோத்தூள் கொட்டிய பழுப்பு,
அடியில் தொட்டால் கறைபடும் வெள்ளை.

இடப்பக்கத்தது அப்ளனாட்டம் என்றான் எஸ்பென்.
இரண்டுமே ஆஸ்திராலே என்றாள் ராக்ன்ஹில்.
அக்டோபர் மழை யார் பக்கமும் சேராமல்
இருவர் கழுத்திலும் இறங்கியது.
நான் படிவத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

வெட்டிப் பார்த்தால் தெரியும்.
சதையில் வெள்ளைத் திட்டு இருந்தால் அவன் சொன்னது,
கருப்பட்டி நிறத்தில் இறுகியிருந்தால் அவள் சொன்னது.
அதற்கும் மசியாவிட்டால்
வித்துத்தூளை நுண்ணோக்கியின் கீழ் அளக்க வேண்டும்:
ஒன்று எட்டு மைக்ரான், மற்றது பத்து.
அந்த இரண்டு மைக்ரானுக்காகத்தான்
போன வருஷம் மூன்று வாரம்
இவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கத்தியை விரித்துக்கொண்டு குனிந்தாள் ராக்ன்ஹில்.
குனிந்தவள் அப்படியே நின்றாள்.

காளானின் அடிவெள்ளையில்
யாரோ நகத்தால் கீறியிருந்தார்கள்:

பால்
ஈஸ்ட்
பேட்டரி, சின்னது, நான்கு
இங்காவுக்கு போன்

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

இந்த வருஷத்து எழுத்து.
அடுத்த கோடையில் புதுத் துளையடுக்கு வளர்ந்து
பாலையும் ஈஸ்ட்டையும் இங்காவையும் மூடிவிடும்.
கத்தி மடங்கும் சத்தம் கேட்டது.

பேட்டரிக்குப் பக்கத்தில் விரல் வைத்தேன்.
சின்னச் சின்ன முலைக்காம்புகள்,
ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை.
தட்டைக்கால் ஈயின் பிள்ளைகள்
உள்ளே இருந்து தின்று வளர்ந்து
மண்ணுக்குக் குதித்துப் போன வாசல்கள்.
அந்த ஈ அப்ளனாட்டத்தில் மட்டும்தான் குடிவைக்கும்.
லத்தீன் தெரியாது, அளவுகோல் கிடையாது;
ஐந்தடி தள்ளி இருக்கும் காளானில்
ஒரு முட்டைகூட இடாமல் போயிருக்கிறது.

“சரி, இது உன்னுடையது” என்றாள்.
“அது உன்னுடையது” என்றான் எஸ்பென், பெருந்தன்மையாக.

மரங்களைக் கேட்டால் என்ன சொல்லுமோ.
இரண்டின் வயிற்றுக்குள்ளும் கட்டை வெளுத்து
ஈரப்பஞ்சாய் நார்நாராய்ப் பிரிந்துகொண்டிருக்கிறது.
தட்டினேன், ஒரே பொக்கைச் சத்தம்.

எஸ்பென் வலப்பக்கக் காளானின் அடியில்
நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான்.
அதுவும் பழுத்தது, அதே பழுப்பில்.

படிவத்தில் இரண்டு பெயர் எழுதினேன்,
ஒன்று மழையில் பாதி கரைந்தது.
காரைத் திறக்கும்போது ராக்ன்ஹில் கேட்டாள்,
எங்களில் யாரையும் பார்க்காமல்:

“போன் பண்ணியிருப்பாங்களா?”