ஒரு 'ம்'மின் விலை

பேங்குப் புத்தகத்தை எந்திரம் விழுங்கி
கடகடவென்று அடித்துத் துப்பியது.
மூன்று வருடமாய்த் திறக்காத புத்தகம்.
சம்பளம், வாடகை, தண்ணீர் பில்,
நடுவே நடுவே ஒரே எண்:
ஒன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
எண்ணினேன். முப்பத்தொன்று.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பதினோரு வருடமாய் என் வேலை
உருப்பெருக்கியில் குனிந்து
பச்சைத் தகட்டில் மயிரிழை வெடிப்பைத் தேடுவது.
ஒன்று தப்பினாலும் சிவப்புப் பேனா வந்து நிற்கும்.
இங்கே முப்பத்தொரு வெடிப்புகள்
கண்ணாடி இல்லாமலே தெரிகின்றன,
என் பெயருக்குக் கீழே.

கடற்கரைத் தெருக் கிளையில்
ஷிஃப்ட் முடிந்த கண்களோடு டோக்கன் எடுத்தேன்.
மிஸ் ஊய் திரையைப் பார்த்துச் சொன்னாள்:
விபத்துக் காப்புறுதி. நீங்கள்தான் கேட்டீர்கள்.
நான் கேட்கவில்லை.
கேட்டதாகப் பதிவு இருக்கிறது.
பழைய அறிக்கைகள் வேண்டுமென்றால்
மாதத்துக்கு இரண்டு வெள்ளி.
என் காசு போன வழியை நான் பார்க்க
அறுபத்திரண்டு வெள்ளி டிக்கெட்டு.
வாங்கினேன்.

மூன்றாவது தடவை ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள்.
யாரோ ஒரு பையன், நிற்காமல் ஓடும் மலாய்.
பின்னால் என் வீட்டுக் காற்றாடியின் டக் டக்.
பகல் பதினொன்று, நான் தூங்கும் நேரம்.
அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்
ஒரு குரல்: ம்.

என் குரல்தான்.
கதை கேட்கிறவர்கள் கொட்டும் உம்.
அவன் சொன்னதும் நல்ல கதைதான்.
அதில் எனக்குக் கால் உடைகிறது,
ஒரு கண் போகிறது,
கடைசியில் செத்தும் போகிறேன்,
குடும்பத்துக்குப் பணம் வருகிறது.

ரெஸ்ட் நேரத்தில் ரொஹானி என் கடிதத்தைத் திருத்தினாள்.
நான்கு 'தயவுசெய்து' வைத்திருந்தேன்.
மூன்றை அடித்தாள்.
முடிவில் தெரிமா காசே என்று எழுதப் போனேன்.
பணம் வரட்டும், அப்புறம் எழுதலாம் என்றாள்.
அந்தச் சொல்லில் இருக்கும் காசு
அவளுக்குக் கேட்காது,
எனக்குக் கேட்டது.

முப்பது நாள் பதில் இல்லை.
இன்னொரு கடிதம், பதிவுத் தபாலில்.
மைத்துனர் சேதுராயர் சிரித்தார்:
பத்து வெள்ளிக்கா இந்தப் பாடு?
மோட்டார் எண்ணெய்க்கே சரியாய்ப் போச்சே!
கணக்கு சரிதான்.
உங்கள் புத்தகத்தையும் அடித்துப் பாருங்கள் என்றேன்.
இருபத்தாறு இருந்தது.
அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை,
ரொஹானியின் எண்ணைக் கேட்டார்.

இன்று பகல் பதினொன்று.
காற்றாடி, டக் டக்.
தலையணைக்கடியில் கைபேசி.
தேன் தடவிய ஒரு பெண் குரல்:
நல்லெண்ணத்தின் பேரில்
முந்நூற்றாறு வெள்ளி தொண்ணூறு காசையும்
திருப்பிக் கொடுக்கிறோம், மேடம்.
விவகாரம் இத்தோடு முடிந்தது,
சம்மதம்தானே?

தொண்டைவரை வந்துவிட்டது அந்தப் பழைய ஒலி.
உதட்டைத் திறக்காமலே சொல்லிவிடக் கூடிய
ஒரே எழுத்து அது நம்மிடம்.
தூக்கத்தில் இருப்பவருக்கென்றே செய்தது போல.

எழுந்து உட்கார்ந்தேன்.
வாயை நன்றாகத் திறந்தேன்.
அறிக்கைக்கு வாங்கிய அறுபத்திரண்டையும் சேர்.
நல்லெண்ணம் என்பதை எடுத்துவிடு,
எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைப்பதற்கு
அந்தப் பேர் கிடையாது.
அங்கே 'தவறு' என்று போடு.
கையெழுத்து வைத்து அனுப்பு.

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
யாரோ விசைப்பலகையில் தட்டுவது கேட்டது, நின்றது.
பிறகு, மிகச் சின்னதாய்,
ம்.

இதுவும் பதிவாகிறது இல்லையா
என்று கேட்டேன்.