முடித்து வைக்கப்பட்டது

மதியம் இரண்டு மணிக்கு மெசேஜ் வந்தது:
‘தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது.’
நான் அப்போது அந்தப் பள்ளத்துக்குள்தான் நின்றிருந்தேன்,
இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டு.

சத்துவாச்சாரி, எங்கள் குறுக்குத் தெரு.
பாதாளச் சாக்கடைக்கென்று தை மாதம் தோண்டியது.
கத்திரி முடிந்து இருபது நாளாகிறது,
வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல.
நூற்றியெட்டு என்று டிவியில் வாசிக்கிறாள் ஒருத்தி,
வேலூர் பரீட்சையில் வாங்கிய மார்க்கு மாதிரி.

ஒரு ஐப்பசியில் பாலாறு கரைமுட்டப் போனது.
பாலத்தில் நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்தோம்.
அன்றைக்கும் எங்கள் குழாயில்
காற்றுதான்.

ஓட்டுக்கு மட்டும் கதவு எண் தப்பாமல் வந்தார்கள்,
மூன்று கட்சியும்.
செத்துப்போன மேல்வீட்டு குணபூஷணத்துக்கும்
பூத் சிலிப் இருந்தது.
அவர் மனுவும் முடித்து வைக்கப்பட்டிருக்கும்.

மெசேஜுக்குப் பதில் போட்டேன்.
இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப முடியாதாம்.

செருப்பு கிடைத்தது.
கூடவே ஒரு கட்சிக் கொடியும்.
எந்தக் கட்சியென்று சேற்றில் தெரியவில்லை,
துடைத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
லீவு கேட்க வேண்டும்,
இந்தத் தடவை
யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வது?