தலையீடு

வாரம் பதினாறு மணி நேரம் களப்பணி.
தாளில் நிறுவன முத்திரை, மேற்பார்வையாளர் கையொப்பம்.
கத்திவாக்கத்தில் ரயில் இறங்கி
கன்டெய்னர் லாரிகளின் வாலைப் பிடித்து
துப்பட்டாவை மூக்கில் அழுத்தியபடி நடக்கும் நேரம்
கணக்கில் வராது.

முதல் நாள்
குழுக்கடன் தவணை கேட்க வந்தவளென்று
மூன்று கதவுகள் சாத்திக்கொண்டன.
நான்காவது கதவு தேசம்மா.
அரிவாள்மணையிலிருந்து எழாமலே கேட்டாள்:
"இன்னா படிப்பு இது?"
சமூக அமைப்பாக்கம், மக்களுக்காகப் பரிந்து பேசுதல்
என்றேன்.
"யாருக்கோசரம்?"
உங்களுக்காக.
"ஏன், எங்களுக்குப் பேச வராதா?"

அன்றைய குறிப்பேட்டில்
'நல்லுறவு உருவாக்கம்: நடைபெறுகிறது' என்று எழுதினேன்.

நானும் வடக்குதான். வியாசர்பாடி.
பல்கலைக்கழகத்துக்குப் பாலம் தாண்டிப் போன
இரண்டு வருஷத்தில்
என் வாயிலிருந்த 'கீது'
'இருக்கிறது' ஆகிப்போனது
எனக்கே தெரியாமல்.

வரைபடப் பயிற்சி.
தெருவை விரித்த சார்ட்டில் பிள்ளைகள் வரைந்தார்கள்
குழாயடி, மாதா கெபி, கம்பெனிச் சுவர், உளை மேடு.
ஆற்றுக்கு நீலம் எடுத்து நீட்டினேன்.
எலியாஸ் திருப்பிக் கொடுத்தான்.
"பென்சிலே போதுங்கா."

மூன்றாவது புகைபோக்கிக்கு
கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள்.
கல்யாண மண்டபம், காலை பத்தரை,
ஆளுக்கு மூன்று நிமிடம்.
ஆறு பேரைத் தேர்ந்தேன்.
ஆறு பேருக்கும் குறிப்புகள் தட்டச்சு செய்தேன்
மூச்சிரைப்பு, இறால் வரத்து, சாம்பல்குழாய் உடைப்பு.
லூர்துசாமி மாடியில்
கைப்பேசியில் மணி அடித்து ஒத்திகை பார்த்தோம்.

அன்றைக்கென்று வலையில் மடவை விழுந்தது.
இருவர் ஏலத்தில் நின்றுவிட்டார்கள்.
ஒருத்திக்கு மகன் பள்ளியில் கூப்பிட்டனுப்பினார்கள்.
மிச்சம் மூன்று பேர், அதில் முதலில் தேசம்மா.

என் தாளை எட்டாய் மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.
"நாலு ஃபேனும் உங்க பக்கமே பாத்துகினு கீது சார்.
ஒண்ணை இப்டித் திருப்புங்க."

அது இன்றைய பொருளில் இல்லை, என்றார் அதிகாரி.
"மூணு நிமிசம் என்னுது தான?"
மணி அடிக்கும்வரை
ஃபேனைப் பற்றியே பேசினாள்.

அடுத்து வந்த முனிரத்தினம்
புகைபோக்கி என்று தொடங்கி நிறுத்தினார்.
"மொதல்ல அந்த ஃபேனு."
பெயர் கொடுக்காதவர்களும் வரிசையில் நின்றார்கள்.
ஃபேன். ஃபேன்.
ஒருவர் பின் ஒருவராகப் பதினேழு பேர்.
சுருக்கெழுத்துப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்
ஆட்சேபம் என்றே எழுதலாமா என்று.

கடைசியில் ஒன்றைத் திருப்பச் சொன்னார்கள்.
ஒயர் எட்டவில்லை.
மேடைக்குப் பின்னால்
சாப்பாட்டு அண்டாக்களுக்கிடையே குனிந்து
ஒரு பிளக் பாயிண்ட் கண்டுபிடித்தேன்.
காற்று வந்தது. நாங்கள் கொண்டுபோன மனுக்கள்
முதல் வரிசை தாண்டிப் பறந்தன.
எலியாஸும் கூட்டாளிகளும் பொறுக்கி
ஒவ்வொன்றாய் அதிகாரி மேசைமேல் வைத்தார்கள்.

வாய்மொழித் தேர்வு.
வெளியிலிருந்து வந்த தேர்வாளர்
அறிக்கையைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டினார்.
"எந்த அணுகுமுறையைப் பின்பற்றினீர்கள்?
இதில் உங்கள் தலையீடு என்ன?"

தயாரித்த பதில் நாக்குவரை வந்தது.
"ஒயர் எட்டல சார்.
மேடைக்குப் பின்னால ஒரு பிளக் பாயிண்ட் கீது."

அவர் பேனா நின்றது.
பிறகு எதையோ எழுதியது.

நூற்றுக்கு அறுபத்தொன்று.

புகைபோக்கி பற்றி இன்னும் தகவல் இல்லை.
போன வியாழன் கத்திவாக்கத்தில் இறங்கினேன்,
கையொப்பத் தாள் இல்லாமல்.
தேசம்மா
செதில் ஒட்டிய கையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள்.

"இன்னாமே,
ஃபெயிலா?"