இரண்டாய் மடித்தது

லோயாங் தொழிற்பேட்டை. விடிகாலை நாலே முக்கால்.
சூடான உருளைகளுக்கிடையே நசுங்கி
வெளியே வருகின்றன மருத்துவமனை விரிப்புகள்.
யார் காய்ச்சலோ, யார் பிள்ளைப்பேறோ,
துவைத்தபின் எல்லாம் ஒரே வெள்ளை.

ஒரு முனை எனக்கு. மறுமுனை அமலோற்பவத்துக்கு.
உதறி, நடந்து நெருங்கி,
விரலோடு விரல் இடிக்க முனைகளைச் சேர்த்து,
மறுபடி விலகி.
மணிக்கு நூற்றிருபது என்பார் சூப்பர்வைசர் லிம்.
நான் எண்ணுவதில்லை.
கைக்கு விரிப்பு, வாய்க்குச் சங்கீதம்:
அரை வசனம் என் பக்கம்,
அரை வசனம் அவள் பக்கம்,
நடுவில் ஒரு மூச்சு.

நான் கர்த்தர் என்கையில் அவள் ஆண்டவர் என்பாள்.
எனக்கு ஜெபம், அவளுக்குச் செபம்.
அந்த ஓரெழுத்துக்குள்
ஐந்நூறு வருஷத்து வழக்கும் இருக்கிறது,
தூத்துக்குடியில் நின்றுபோன ஒரு கல்யாணமும்.
(அது என் அத்தையுடையது. இன்னொரு நாள் சொல்கிறேன்.)
சங்கீதத்தின் எண்கூடச் சில சமயம் ஒன்று தள்ளிப்போகும்;
அப்போது ஆளுக்கொரு பாட்டில் நின்று
சிரித்துக்கொள்வோம்.

திடப்படுத்தல் வகுப்பில் குருவானவர் சொன்னார்:
பழைய மடங்களில் நாளுக்கு எட்டு முறை மணி அடிக்கும்,
நள்ளிரவிலும் எழுவார்கள்.
பிறகு மடங்களை மூடினார்கள்.
எட்டு வேளையையும் இரண்டாய் மடித்து,
காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று
கடைக்காரன் கையிலும் சமையற்காரி கையிலும் கொடுத்தார்கள்.
அப்போது எனக்குப் பதினாலு வயது. கொட்டாவி விட்டேன்.
இப்போது தெரியும்:
மடித்தால் துணி குறைவதில்லை.
உள்ளேதான் இருக்கிறது நள்ளிரவு.

வேடிக்கை என்னவென்றால்
மாலை ஜெபம் எனக்கு வேலைக்குப் போகிற பேருந்தில்,
காலை ஜெபம் வேலை முடிகிற நேரத்தில்.
துறவிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்த
அந்த இருட்டு முழுவதும்
நானும் விழித்திருக்கிறேன்,
சம்பளத்துக்கு.

பக்தி வந்தால்தான் ஜெபம் என்றால்
வருஷத்தில் பத்து நாள் தேறும் எனக்கு.
மனம் வராத நாளில் வாய் வரும்.
வாய் போன வழியில்
மனம் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் வரும்,
சில நாள் வராது.

ஒருமுறை அமலோற்பவம் கேட்டாள்:
"மாதாவை வேண்டாமென்று போனவர்கள்
அவள் பாட்டை மட்டும் ஏன்
சாயங்காலந்தோறும் பாடுகிறீர்கள்?"
"நல்ல பாட்டு, அதனால்தான்" என்றேன்.
பதில் அது இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

போன செவ்வாய் அவள் தம்பி இறந்த செய்தி வந்தது.
வெள்ளி வரை டிக்கெட் இல்லை.
புதன் இரவு வேலைக்கு வந்தாள்,
அறையில் உட்கார்ந்து என்ன செய்ய என்றாள்.

விரிப்பை எடுத்தோம்.
என் அரை வசனத்தை நான் சொன்னேன்.
அவளுடையது வரவில்லை.
உருளை சுற்றுகிற சத்தம். சாங்கியில் இறங்கும்
ஏதோ ஒரு விமானத்தின் சத்தம்.
அவள் பாதியையும் நானே சொன்னேன்,
ஆண்டவர் என்றே.

இறந்தவர்களுக்காக நாங்கள் ஜெபிப்பதில்லை.
அப்படித்தான் என்னை வளர்த்தார்கள்,
அதில் எனக்கு ஐயமும் இருந்ததில்லை.
"தம்பி பெயரென்ன?" என்று கேட்டேன்.
"சூசை அருள்."
இரண்டு சங்கீதங்களுக்கு நடுவே,
எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத ஓர் இடத்தில்,
சூசை அருள் என்றேன்.
வேறொன்றும் சேர்க்கத் தெரியவில்லை.

அவள் முனை கொஞ்சம் தாழ்ந்தது.
துணி தரையில் படாமல்
என் பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.
வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.
ஏழாம் வார்டுக்கு இன்னும் நாற்பது.