ஒரு சாரிக்கு ரெண்டு ரூபா

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
இந்த வருஷம் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்
சென்டர் இல்லாத எங்கள் டீமையும்.

போன மார்ச் வரை ப்ரிஸில்லா இருந்தாள். ஆறடி.
கையைத் தூக்கினால் போதும், குதிக்க வேண்டாம்,
பந்து அவளிடம் வந்து சேரும்
பால் கேட்கும் பூனை மாதிரி.
ரயில்வேயில் எடுத்துக்கொண்டார்கள்.
இப்போது அணியில் உயரம் நான்தான்.
ஐந்து ஏழு. ஷூவோடு அளந்தால்.

முதல் மேட்ச் சேலத்தில், இருபத்தாறு பாயிண்டில் தோற்றோம்.
அடுத்தது தாம்பரம். முப்பத்தொன்று.
மூன்றாவது எங்கள் தரையிலேயே,
தொரப்பாடி ரோட்டைப் பார்த்த சிமெண்ட் கோர்ட்டில்,
ஒவ்வொரு வெடிப்பும் எங்கள் காலுக்கு மனப்பாடமான இடத்தில்,
பத்தொன்பது.
பார்க்க வந்த அண்ணன்
பாதியிலேயே பைக்கை எடுத்தான்.
ராத்திரி போனில் கேட்டான்:
"ஆடினீங்களா, வழி விட்டீங்களா?"

வழிதான் விட்டோம்.
போர்டில் பட்டுத் திரும்பும் பந்துக்கு
அவர்கள் முழங்கையோடு வருவார்கள்,
நாங்கள் மரியாதையோடு.
இடித்தால் சாரி. இடிபட்டாலும் சாரி.
காட்பாடி பஸ்ஸில் வளர்ந்த உடம்பு:
தோளைச் சுருக்கு, பையை முன்னால் கட்டிக்கொள்,
யார் மேலும் படாமல் நில்.
பன்னிரண்டு வருஷம் கற்றதை
இரண்டு மாசத்தில் எப்படி மறப்பது?

நூருன்னிசாதான் புட்டி கொண்டுவந்தாள்.
பேரணாம்பட்டுக்காரி, ஐந்தடிக்கு ஒரு விரல் கூட,
எங்கள் பாயிண்ட் கார்டு; கோபம் மட்டும் ஆறரை அடி.
காலி ஹார்லிக்ஸ் புட்டி, மூடியில் கத்திக் கீறல்.
ஒரு சாரிக்கு ரெண்டு ரூபா.
முதல் நாள் ப்ராக்டிஸில் முப்பத்தெட்டு விழுந்தது.
அதில் பதினாறு என்னுடையது,
"சாரி, சில்லறை இல்ல" என்றதையும் சேர்த்து.

பி.டி. மேடம் ஹாஸ்டல் மெத்தை ஒன்றைக் கேட்டு வாங்கினார்.
வார்டன் கையெழுத்து, இரண்டு காப்பி.
ஒருத்தி மெத்தையைப் பிடித்துத் தள்ள
ஒருத்தி முதுகால் தடுத்து நிற்க வேண்டும்
பந்து கீழே வரும்வரை.
சாயங்காலம் ஐந்துக்கும் சிமெண்ட் சுடும்.
கிழிசலில் கிளம்பிய பஞ்சு
கழுத்து வியர்வையில் ஒட்டும்.
விழுந்தேன். எழுந்தேன். விழுந்தேன்.
ஒருநாள் மெத்தை விழுந்தது,
மெத்தையோடு யாழரசியும்.
நாக்கு நுனிக்கு வந்த சொல்லை
எச்சிலோடு விழுங்கினேன்.

நான்காவது, சென்னை டீம்.
அவர்களில் ஒருத்தி ஆறடி இரண்டு;
வார்ம்-அப்பில் அவள் நிழலில் உட்கார்ந்துதான்
லேஸ் கட்டினேன்.
முதல் க்வார்ட்டர் பழைய கதை.
இரண்டாவதில் அவள் முழங்கை என் உதட்டில்.
பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.
விழுவதா வேண்டாமா என்று
பந்து வளையத்தில் சுற்றியபோது
அவள் மேலே பார்த்தாள்.
நான் பார்க்கவில்லை. முதுகைக் கொடுத்து, இடுப்பை இறக்கி
அவள் முட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.
உயரம் அப்படியேதான் இருந்தது அவளிடம்,
அதை வைக்க இடம்தான் இல்லை.
தரையில் ஒருமுறை குதித்துப் பந்து என் கைக்கு வந்தது.
தடுமாறி என் மேல் சாய்ந்தவள்
மூச்சு வாங்க
"சாரி" என்றாள்.

தோற்றோம்தான். எட்டுப் பாயிண்ட்.
வாலாஜா டோல்கேட்டில் வேன் நின்றபோது
நூருன்னிசா புட்டியை மடியில் கவிழ்த்தாள்.
நாலு ரூபாய்.
ரெண்டு, யாழரசி ரெஃபரியிடம் சொன்னது.
ரெண்டு, ஏறும்போது டிரைவர் காலை மிதித்த நான்.
"அது கணக்குல வராது" என்றேன், வீங்கிய உதட்டோடு.
"வரும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்.
அங்கே ஆறடியில் இரண்டு பேராம்.
பக்கத்து சீட்டில் யாழரசி
தூக்கத்தில் தோளால் இடித்துச் சாய்ந்தாள்.
நான் நகரவில்லை.