ஒன்பது கை

பனி இன்னும் பாலாற்று மணலை விட்டு எழவில்லை.
காட்பாடிப் பாலத்தில் நான் ஓட வேண்டிய நேரம்.
இடது குதிகால் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் குதிகால், கார்த்திகையில் முழங்கால்,
மழை விட்டதும் தோள்பட்டை,
அப்புறம் மறுபடி குதிகால்.
சீட்டுக்காசு கேட்டு வருகிறவர்கள் மாதிரி
ஆள் மாற்றி ஆள்.

'ஆறு வாரம் ஓடாதீங்க' என்றார் பிசியோ எப்சிபா.
சைக்கிள்? யோசித்தார்.
நீச்சல் என்றதும் தலையாட்டினார்.
எங்கே என்று கேட்கவில்லை.

ஊசூரில் கஜபதியின் கரும்புக் கொல்லைக் கிணறு.
சுவருக்குச் சுவர் ஒன்பது கை.
போட்டியில் கடல் நேராகப் போகும்,
நான் திரும்பித் திரும்பியே போகிறேன்.

மேலே மார்கழி, பல் கிட்டுகிறது.
உள்ளே தண்ணீர் வெதுவெதுவென்று,
ஆவி பறக்க,
தவளை ஒன்று ஒதுங்கி வழிவிடுகிறது.
நூற்றுப் பத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது.
நூறிலிருந்து மறுபடி.

'கரண்டு வந்துடுச்சு, மோட்டார் போடணும், ஏறுங்க!'
இன்னும் நாலு என்கிறேன்.
'நாலுன்னா நாலுதான்.'

ஏறும்போது முதல் படியிலேயே
குதிகால் பேச ஆரம்பிக்கிறது.
பேசட்டும்.
மாசிக் கடைசியில் டிரையத்லான்.
சைக்கிள் டயருக்குக் காற்றடிக்க வேண்டும்.